ஆல்டோவுக்கென்று ஒரு ஸ்வரம்: ஊர்ப் பாடகர் குழுக்களும் நவீன ஆலய இசையும்

பின்வரிசை ஆல்டோ எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் பிறந்தவள், இப்போது வடக்கு இங்கிலாந்தில் ஒரு சிற்றூரில் குடியிருக்கிறேன். ஏழு ஆண்டுகளாக எங்கள் ஊர்ப் பாடகர் குழுவில் ஆல்டோ, அதாவது பெண்களின் தாழ்ந்த குரல், பாடுகிறேன். குரல் தேர்வு கிடையாது, சந்தா கட்டினால் யாரும் சேரலாம். செவ்வாய்க்கிழமைதோறும் மாலை ஏழரை மணிக்கு ஆலயத்தை ஒட்டிய மண்டபத்தில் ஒத்திகை. ஓய்வுபெற்ற செவிலியர், பஸ் ஓட்டுநர், ஒரு தச்சர், பள்ளி ஆசிரியைகள் என்று அறுபது பேர் வருவார்கள். பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகாதவர்கள். நானோ மீனாட்சியம்மன் கோவில் வாசலில் வளர்ந்தவள்.

அப்படிப்பட்ட குழுவில், அடுத்த நிகழ்ச்சிக்கு என்ன பாடலாம் என்று கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒரே வகை இசைக்குத்தான் கைகள் உயர்கின்றன: ஆர்வோ பார்ட், மார்ட்டன் லாரிட்சன், ஜான் டேவனர், ஜேம்ஸ் மக்மில்லன். கடந்த ஐம்பது ஆண்டுகளில் எழுதப்பட்ட ஆலய இசை. திரைப்படப் பாட்டும் வைத்திருக்கிறோம், நாட்டுப்புறப் பாட்டும் வைத்திருக்கிறோம். ஆனால் ஒத்திகை முடிந்தபின் நாற்காலியை அடுக்காமல் நின்று, "இன்னொரு முறை பாடலாமா?" என்று கேட்பது இவற்றுக்கு மட்டும்தான். இது ஏன் என்று எனக்குள் ஒரு பதில் இருக்கிறது. அது மற்றவர்களுக்கும் பொருந்துமா என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

லாரிட்சனின் 'ஓ மாக்னும் மிஸ்டீரியும்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1994 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் மாஸ்டர் கொரால் முதன்முதலில் பாடியது. வரிகள் மிகப் பழையவை, கிறிஸ்து பிறப்பு வழிபாட்டுக்கான லத்தீன் வரிகள். தொழுவத்தில் கிடத்தப்பட்ட ஆண்டவரைக் கண்டவை விலங்குகள். இது எவ்வளவு பெரிய மறைபொருள் என்று வியக்கும் பாட்டு. இசை டி மேஜரில் போகிறது. நம் கணக்கில் சங்கராபரணம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆறு நிமிடத்துக்கும் மேலாக அந்த ஸ்கேலை விட்டு எந்தக் குரலும் வெளியே கால் வைப்பதில்லை, ஓர் இடத்தைத் தவிர. மரியாளைக் குறிக்கும் 'விர்கோ' என்ற சொல்லில் ஜி ஷார்ப் வருகிறது. பாட்டு முழுக்க சுத்த மத்யமம். அந்த ஒரு சொல்லில் பிரதி மத்யமம். அதைப் பாடுவது சொப்ரானோ (பெண்களின் உயர்ந்த குரல்) அல்ல, டெனர் (ஆண்களின் உயர்ந்த குரல்) அல்ல. ஆல்டோ மட்டும்.

ஆல்டோ பாடியவர்களுக்கு இது என்ன என்று புரியும். மெட்டு எப்போதும் சொப்ரானோவுக்குப் போகும். எங்களுக்குக் கிடைப்பது நடுவில் இட்டு நிரப்புகிற ஸ்வரங்கள். நாங்கள் பாடாவிட்டால்தான் நாங்கள் இருந்தது தெரியும். இங்கே ஒரு பாட்டின் முழுத் துயரத்தையும் லாரிட்சன் எங்கள் கையில் கொடுத்திருக்கிறார். 1633இல் ஸ்பெயின் ஓவியர் சுர்பரான் வரைந்த ஓவியம் ஒன்று பாசடீனாவின் நார்ட்டன் சைமன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கறுப்புப் பின்னணியில் எலுமிச்சை, ஆரஞ்சு, ஒரு கோப்பைத் தண்ணீர், ஒரு ரோஜா. அந்த ஓவியத்தைப் போல எளிமையாக இருக்கவேண்டும் என்றுதான் இந்தப் பாட்டை அமைத்ததாகவும், மகன் பிறந்த மகிழ்ச்சிக்குள் அந்தத் தாய்க்கு வரப்போகும் வேதனையைக் காட்டவே அந்த ஒரு ஸ்வரத்தை வைத்ததாகவும் லாரிட்சனே எழுதியிருக்கிறார்.

என் பக்கத்தில் நிற்பவர் எழுபத்து நான்கு வயதுச் செவிலியர். அந்த இடத்துக்கு இரண்டு தாளச்சுற்று முன்பே அவருடைய இடது கட்டைவிரல் இசைத்தாளின் ஓரத்தை அழுத்தத் தொடங்கிவிடும். 'விர்' என்று வாய் திறக்கும்போது எங்கள் பதினெட்டுப் பேரின் குரலும் மற்றக் குரல்களோடு உரசுவது நெஞ்செலும்பில் தெரியும். பயந்து கொஞ்சம் இறக்கிவிட்டால் கேட்பவர்களுக்குப் பிழைபோலத் தோன்றும். நம்பிக்கையோடு சரியான இடத்தில் நிறுத்தினால் ஆலயமே ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.

நான் கண்ட காரணம் இதுதான். இந்த இசையமைப்பாளர்கள், தனியாகப் பாடினால் ஒன்றுமே இல்லாத ஒரு ஸ்வரத்தைச் சாதாரணக் குரலுக்குக் கொடுத்து, மற்றவர்கள் நடுவில் நிற்கும்போது மட்டும் அதற்குப் பொருள் வரும்படி செய்கிறார்கள். உங்கள் குழுக்களில் எப்படி?

பாளையங்கோட்டை பாஸ் எழுதியது:

அன்புத் தங்கைக்கு, நன்றாக எழுதியிருக்கிறாய். ஆனால் நான் உடன்படவில்லை.

நாற்பத்து மூன்று ஆண்டுகளாகத் திருநெல்வேலிப் பக்கத்துச் சபை ஒன்றின் பாடகர் குழுவில் பாஸ், அதாவது ஆண்களின் தாழ்ந்த குரல், பாடுகிறேன். என் அப்பாவும் அதே வரிசையில் நின்றவர். எங்களுக்கு ஐந்து கோட்டு இசைத்தாள் வராது. டோ ரே மீ என்று எழுதிய சோல்ஃபா எழுத்துதான். அதை வைத்துக்கொண்டு ஹேண்டலின் 'அல்லேலூயா'வைப் பாடியிருக்கிறோம், ஸ்டெயினர் 1887இல் எழுதிய 'குருசிஃபிக்ஷன்' பாடலைப் புனித வெள்ளிகளில் பாடியிருக்கிறோம். வேதநாயகம் சாஸ்திரியார் கீர்த்தனைகளையும் நான்கு குரலில் பாடியிருக்கிறோம். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது செருப்பைத் தேடிக்கொண்டே யாராவது அந்த மெட்டை முணுமுணுப்பார்கள். எனக்கு அதுதான் அளவுகோல். சபை எதை வீட்டுக்குக் கொண்டுபோகிறது?

என் மகன் பெங்களூரிலிருந்து நீ சொன்ன பாட்டுகள் சிலவற்றை அனுப்பினான். பொறுமையாகக் கேட்டேன். அழகில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மலைமேல் இறங்கிய மூடுபனிபோல இருக்கிறது. கையில் பிடிக்க ஒன்றும் இல்லை. பாடுகிறவர்களுக்கு இன்பமாக இருக்கலாம். ஆலயப் பாட்டு பாடுகிறவர்களுக்காகவா, கேட்கிற சபைக்காகவா?

டொரொன்ட்டோ டெனர் எழுதியது:

அண்ணாச்சி சொல்வதை நான் மதிக்கிறேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் பங்கு ஆலயத்தில் நானும் அப்படிப்பட்ட பாட்டுகளில்தான் வளர்ந்தேன். ஆனால் பார்ட்டைப் பற்றி மட்டும் சொல்ல விடுங்கள், ஏனென்றால் அவருடைய கதை தெரியாமல் அவர் இசை வெறுமையாகத்தான் கேட்கும்.

எஸ்டோனியாவில் 1935இல் பிறந்தவர். அது சோவியத் ஆட்சிக்குள் போன காலத்தில் படித்து, புதுமையான கடினமான இசை எழுதிக்கொண்டிருந்தார். 1968இல் 'க்ரேடோ' என்ற படைப்பில், இயேசு கிறிஸ்துவை விசுவசிக்கிறேன் என்று லத்தீனில் வெளிப்படையாகப் பாடவைத்தார். கடவுள் இல்லை என்ற அரசின் கண்ணெதிரே. பெரும் சர்ச்சையாகிவிட்டது. அதன்பிறகு பெரும்பாலும் எழுதுவதை நிறுத்தி, பழைய துறவியர் மடங்களின் ஒற்றைக் குரல் பாட்டுகளையும் இடைக்காலச் சேர்ந்திசையையும் உட்கார்ந்து படித்தார். 1976இல் திரும்பி வந்தபோது அவர் கையில் இருந்தது இரண்டே விதிகள் உள்ள இசை. ஒரு குரல் படிப்படியாக ஏறி இறங்கும், பக்கத்து ஸ்வரத்துக்குத்தான் போகும். இன்னொரு குரல் அந்தச் சுருதியின் மூன்று ஸ்வரங்களில் மட்டும் நிற்கும், மணி அடிப்பதுபோல. அதனால்தான் சிறுமணி என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து இதற்கு டின்டினாபுலி என்று பெயர் வைத்தார். அலைகிற குரல் மனிதன். அசையாத குரல் அவனை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது.

2004 மார்ச்சில் மாட்ரிட் ரயில்களில் குண்டு வெடித்த இரண்டாம் நாள் அவர் எழுதத் தொடங்கிய பாட்டு 'டா பாசெம் டோமினே', ஆண்டவரே சமாதானம் தாரும். ஐந்து நிமிடம்தான். நவம்பரில் போரில் இறந்தவர்களை நினைவுகூரும் வழிபாட்டில் எங்கள் குழு அதைப் பாடியது. குழுவில் தமிழன் நான் ஒருவன்தான். என் வரியில் மொத்தமே சில ஸ்வரங்கள்தான். நீளமாகப் பிடிக்கவேண்டும், மூச்சு முடியும்போது பக்கத்தில் இருப்பவர் தொடர்வார், அவர் மூச்சு விடும்போது நான் பிடித்துக்கொள்வேன். எங்கள் ஊரில் யார் யாருக்கு ஒரு மெழுகுதிரிகூட ஏற்ற முடியாமல் போயிற்றோ அவர்களுடைய முகங்கள் வரிசையாக வந்தன. மெட்டு இருந்திருந்தால் நான் மெட்டின் பின்னால் போயிருப்பேன். அன்று எனக்கு நிற்பதற்கு இடம் தேவைப்பட்டது. அந்தப் பாட்டில் அது இருந்தது.

பின்வரிசை ஆல்டோ எழுதியது:

டெனர் அண்ணா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். இதற்குமேல் அதைப்பற்றி ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

அண்ணாச்சி, மூடுபனி என்றீர்கள். உள்ளே நின்று பாடும்போது அது மூடுபனி அல்ல, கணக்கு. ஒரு சம்பவம் சொல்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பார்ட்டின் 'மாக்னிஃபிக்காட்' என்ற மரியாளின் பாட்டை எடுத்தோம், 1989இல் எழுதியது. துணை வாத்தியம் கிடையாது. துணையில்லாமல் பாடும் எந்தக் குழுவுக்கும் உள்ள நோய் எங்களுக்கும் உண்டு: தொடங்கிய சுருதியில் முடிப்பதில்லை. கடைசிப் பக்கம் வரும்போது அரை ஸ்வரம் இறங்கியிருக்கும், குழுவை நடத்துபவர் பியானோவில் ஒரு கட்டையைத் தட்டிக் காட்டிவிட்டுப் பேசாமல் நிற்பார். மூன்று வாரம் இப்படியே போயிற்று.

நான்காவது வாரம் என் பாட்டுக்கார அத்தை கொடுத்த சுருதிப்பெட்டியைக் கொண்டுபோனேன். கறுத்துப்போன மரப்பெட்டி, துருத்தியில் ஒரு மூலை ஒட்டுப் போட்டது. ஸா மட்டும் திறந்து, முன்வரிசை நாற்காலியில் வைத்து, ஒருவர் மெதுவாக அசைத்துக்கொண்டிருக்க நாங்கள் பாடினோம். மூன்று ஸ்வரத்தில் நிற்கும் குரல்களுக்குத் தாங்கள் யார் என்று அன்றுதான் தெரிந்தது. தம்புராவின் வேலையைத்தான் அவர்களுக்கு பார்ட் கொடுத்திருக்கிறார்! அதன்மேல் எங்கள் வரி படி ஏறி இறங்க, உரசுகிற இடமெல்லாம் சரியான அளவில் உரசியது. முடித்துவிட்டுப் பெட்டியோடு ஒப்பிட்டால் ஒரு மயிரிழை இறங்கியிருந்தது, அவ்வளவுதான். எங்கள் தச்சர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அந்தத் துருத்தி மூலையைத் தன் பட்டறையில் சரிசெய்து தருவதாக வாங்கிக்கொண்டு போனார். இப்போது அது எங்கள் ஒத்திகைப் பெட்டிக்குள் நிரந்தரமாக இருக்கிறது.

இன்னொன்று, இடம். இந்த இசை கல் கட்டடத்தை நம்பி எழுதப்படுகிறது. கம்பளம் விரித்த மண்டபத்தில் பாடினால் அண்ணாச்சி சொன்னதுபோல ஒன்றும் இல்லாமல்தான் கேட்கும். ஓசை எழுந்து திரும்பி வரும் ஆலயத்தில், நாம் நிறுத்தியபின் அது தொடர்கிற அந்த இரண்டு மூன்று வினாடியையும் இசையமைப்பாளர் எண்ணித்தான் வைத்திருக்கிறார். கைபேசியில் அது வராது.

சாபு எழுதியது:

நான் சென்னையில் மிருதங்கம் கற்கிறேன். மேற்கத்தியச் சேர்ந்திசை பழக்கமில்லை. எல்லாமே இப்படி மெதுவாகத்தான் இருக்குமா? தாளம் உள்ளது எதுவும் இல்லையா?

பின்வரிசை ஆல்டோ எழுதியது:

தம்பி, உனக்காகவே ஒன்று இருக்கிறது! லெனர்ட் பெர்ன்ஸ்டீனின் 'சிசெஸ்டர் சங்கீதங்கள்'. இங்கிலாந்தின் சிசெஸ்டர் பேராலயத்துத் தலைமைக் குரு வால்டர் ஹசி கேட்டு, நியூயார்க்கில் இருந்த யூதரான பெர்ன்ஸ்டீன் 1965இல் எழுதியது. கிறிஸ்தவப் பேராலயத்தில் எபிரேய மொழியில் பாடவைத்தார். முதல் பகுதியில் 100ஆம் சங்கீதம் ஏழு தட்டில் குதித்துக்கொண்டு போகும். எங்கள் குழு அதை எண்ணி எண்ணித் தடுமாறியபோது நான் மட்டும் சிரமப்படவில்லை, சிறுவயதில் மிஸ்ர சாபு போட்ட கை. பிரிப்பு வேறு, நம்முடைய மூன்றும் நான்கும் அங்கே பெரும்பாலும் நான்கும் மூன்றுமாக வரும். ஆனால் ஏழு உடம்பில் இருந்தால் எந்தப் பக்கம் பிரித்தாலும் உட்கார்ந்துவிடும். தொடையில் தட்டிக் காட்டினேன். அடுத்த வாரம் ஆல்டோ வரிசை முழுக்கத் தொடையில் தட்டிக்கொண்டு பாடியது.

பாளையங்கோட்டை பாஸ் எழுதியது:

அதை நான் கேட்டிருக்கிறேன். இரண்டாவது பகுதியில் ஒரு சிறுவன் "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்ற சங்கீதத்தைத் தனியாகப் பாடுவான். நடுவில் ஆண் குரல்கள் "ஜாதிகள் கொந்தளித்து" என்ற 2ஆம் சங்கீதத்தோடு முரட்டுத்தனமாக உள்ளே பாயும். அதைப் பொருட்படுத்தாமல் மேலே அந்த அமைதியான மெட்டு போய்க்கொண்டிருக்கும். அதற்கு நான் எழுந்து நிற்கத் தயார். நவீன இசை எல்லாமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, தங்கையே. அதில் மெட்டு இருக்கிறது பார்.

ஜெபமாலை எழுதியது:

அமைதியாக வாசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு மெட்டைவிட வேறொன்று உறுத்துகிறது. இவை ஜெபங்கள். விசுவாசம் இல்லாதவர்கள் டிக்கெட் விற்று, கைதட்டலுக்காக இவற்றைப் பாடுவது சரியா? யாரையும் புண்படுத்தக் கேட்கவில்லை. என் பாட்டி இதே லத்தீன் வரிகளை முழந்தாளிட்டுச் சொன்னவர்.

டொரொன்ட்டோ டெனர் எழுதியது:

நியாயமான கேள்வி, சகோதரி. நானும் இதைச் சுமந்துகொண்டிருக்கிறேன்.

இரண்டு மனிதர்களை நினைத்துக்கொள்வேன். சுவிட்சர்லாந்தின் ஃபிராங்க் மார்ட்டின் 1922இல் தொடங்கி 1926இல் இரட்டைப் பாடகர் குழுவுக்கு ஒரு திருப்பலி இசை எழுதி முடித்தார். அது தனக்கும் கடவுளுக்கும் இடையிலான காரியம் என்று எண்ணி மூடி வைத்துவிட்டார். 1963 வரை எந்தக் குழுவும் பாடவில்லை. உங்கள் பாட்டியின் பக்கம் நிற்கக்கூடியவர் அவர். மறுபக்கம் இங்கிலாந்தின் வாகன் வில்லியம்ஸ். நம்பிக்கையாளர் அல்லர். ஆனால் 1906இல் வந்த ஆங்கிலத் துதிப்பாடல் நூலுக்கு இசை தொகுத்தவர் அவர்தான், பின்னால் அருமையான திருப்பலி இசையும் எழுதினார். இருவர் எழுதியதையும் பாடியிருக்கிறேன். மார்ட்டினுடையது பெட்டியிலேயே இருந்திருந்தால் நான் இழந்திருப்பது கொஞ்சமல்ல.

எங்கள் குழுவில் கடவுள் நம்பிக்கையற்ற நண்பர் ஒருவர் இருக்கிறார். லத்தீன் வரியின் பொருளை ஒவ்வொரு சொல்லாகப் பென்சிலால் எழுதி வைத்துக்கொண்டுதான் பாடுவார். நான் சிறுவயதிலிருந்து மனப்பாடமாகச் சொல்லி, பொருளைக் கவனிக்காமல் விட்ட சொற்களை அவர்தான் எனக்குத் திருப்பிக் கொடுத்தார்.

பின்வரிசை ஆல்டோ எழுதியது:

ஜெபமாலை அக்கா, நான் இந்து. மரியாளின் பாட்டைப் பாடும்போது நான் நடிக்கவில்லை. வலியவர்களை ஆசனத்திலிருந்து இறக்கித் தாழ்ந்தவர்களை உயர்த்துகிறார் என்று ஒரு ஏழைப்பெண் பாடுகிறாள். அதைப் பொய்யாகப் பாட எனக்கு வராது. எங்கள் நிகழ்ச்சிகளில் பார்ட் பாடினால் முடிந்தவுடன் கைதட்டவேண்டாம் என்று முன்பே கேட்டுக்கொள்வோம். யாரும் மறுத்ததில்லை.

சாபு எழுதியது:

இசைத்தாள்கள் எங்கே கிடைக்கும்? எங்கள் கல்லூரியில் நான்கைந்து நண்பர்கள் சேர்ந்து முயன்று பார்க்க ஆசைப்படுகிறோம்.

பின்வரிசை ஆல்டோ எழுதியது:

தம்பி, இதில் ஒரு கண்டிப்பு உண்டு. பழைய இசையமைப்பாளர்களின் இசைத்தாள்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். இவர்களுடையவை காப்புரிமையில் இருப்பவை. பாடுகிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி விலைக்கு வாங்கவேண்டும், அல்லது வாடகைக்கு எடுக்கவேண்டும். ஒன்று வாங்கி நகலெடுப்பது திருட்டு. நான் முன்பு இருந்த ஒரு குழு அப்படித்தான் செய்தது. எழுதியவர்களுக்குப் போகவேண்டிய பணத்தைத் தடுத்துவிட்டு அவர்களுடைய ஜெபத்தைப் பாடுவது எனக்குக் கூசியது, விலகிவிட்டேன். சிறு பாட்டுகளின் பிரதி பதிப்பகங்களில் நேரடியாகக் கிடைக்கும். முதலில் பெரிய குழு ஒன்றில் சேர்ந்து கேட்டுப் பழகு. உங்கள் ஊரில் 1893இல் தொடங்கிய மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் இருக்கிறதே.

தொடங்க நல்ல பாட்டு டேவனரின் 'தி லாம்', 1982. ஆட்டுக்குட்டியைப் பார்த்து உன்னைப் படைத்தது யார் தெரியுமா என்று கேட்கும், ஆங்கிலக் கவிஞர் பிளேக்கின் கவிதை. முதல் வரியை சொப்ரானோ தனியாகப் பாடும். இரண்டாம் வரியில் அதே மெட்டை அவர்கள் மீண்டும் பாட, ஆல்டோ அதைக் கண்ணாடியில் பார்ப்பதுபோலப் பாடும்: அவர்கள் எவ்வளவு ஏறுகிறார்களோ அவ்வளவு நாங்கள் இறங்குவோம். தன் உடன்பிறந்தவரின் மகன், மூன்று வயதுப் பிள்ளைக்காக ஒரு பிற்பகலில் எழுதியது. அண்ணாச்சி, நீங்களும் இதை ஒரு முறை பாருங்கள்.

பாளையங்கோட்டை பாஸ் எழுதியது:

மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன்.

எட்டுப் பிரதிகள் வரவழைத்தோம். வந்து சேர ஆறு வாரம் ஆயிற்று. சோல்ஃபாவில் மட்டும் பழகிய எங்களுக்கு ஐந்து கோடுகளை வாசிக்க என் மருமகள் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். சனிக்கிழமை ஒத்திகை முடிந்தபின் எட்டுப் பேர் மட்டும் இருந்து முயன்றோம். சொப்ரானோ வரி எளிது, டோ மீ ரே டீ டோ, இரண்டாம் முறையே வந்துவிட்டது. ஆல்டோ நுழைந்தபோது எல்லாம் கலைந்தது. காது சொல்வதற்கு நேர் எதிராக வாய் போகவேண்டியிருக்கிறது. என் பேத்தி பதினைந்து வயது, அவள்தான் ஆல்டோ. ஒன்பது முறை தவறினாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. வேண்டாம் விடம்மா என்று நான் சொன்னேன், அவள் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பத்தாவது முறை நிறுத்தினாள்.

பாஸுக்கு அதுவரை ஒன்றும் இல்லை. முதல் சரணத்தின் கடைசி வரிகளில்தான் ஆண் குரல்கள் வருகின்றன. அந்த இரு குரல்களும் கீறிக்கொண்டே போய் முடிந்த இடத்தில் நான்கு குரலாக நாங்கள் நுழைந்தபோது, நாற்பத்து மூன்று ஆண்டுகளில் ஒரு பாட்டுக்குள் நுழைவதற்கு நான் இவ்வளவு காத்திருந்ததில்லை.

கிறிஸ்மஸ் இரவு ஆராதனையில் பாடினோம். சபையார் யாரும் மெட்டை முணுமுணுத்ததாக நான் கேட்கவில்லை. அதை மறைக்க மாட்டேன். வீட்டுக்கு ஸ்கூட்டரில் வரும்போது பின்னால் உட்கார்ந்து பேத்தி முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். சொப்ரானோ வரியை அல்ல, தன்னுடைய வரியை.

ஈஸ்டருக்குமுன் மக்மில்லனின் பாட்டு ஏதாவது பார்க்கலாம் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். எங்களிடம் பாஸ் இரண்டே பேர், இருவருக்கும் அறுபதைத் தாண்டிவிட்டது. எது பொருந்தும் என்று சொல், தங்கையே. பன்னிரண்டு பிரதிகள் வேண்டியிருக்கும்.